வாசிப்புக்குப் பத்து ரூபா

காணாமற்போன மகன் ஒருவனின் விலை, புளியந்தீவில் நல்லரத்தினத்தின் கடையில், அறுபது ரூபா. கணவனுக்கும் அதே விலைதான். அடித்த கடிதத்தை வாசித்துக் காட்ட வேண்டுமென்றால் பத்து ரூபா தனி. வருகிறவர்களில் பலருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனாலும் பேரம் என்று வந்தால் அவர்கள் முதலில் வெட்டுவது அந்தப் பத்து ரூபாவைத்தான்.

கடை, மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரிக்குப் போகிற வழியில் இருந்தது. ஒரு கணினி, ஓர் அச்சு இயந்திரம், மூன்று பிளாஸ்டிக் கதிரைகள். நல்லரத்தினத்தின் தகப்பன் கருவாடு விற்றவர். நிறுக்கும்போது அவர் தராசைப் பார்க்கமாட்டார், வாங்குகிறவனின் முகத்தைப் பார்ப்பார். மகன் கருவாட்டை விட்டுக் கடிதத்துக்கு மாறினாலும் கண்ணை மாற்றவில்லை. ஆளின் முகத்தைப் பார்த்தபடியே அடிப்பான். திரையை எப்போதாவதுதான் பார்ப்பான்.

பார்க்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. கடிதத்துக்கு வேண்டிய பத்திகள் கணினிக்குள்ளேயே தயாராகக் கிடந்தன. ‘க1’ என்று அடித்து மேல் வரிசையில் ஒரு விசையைத் தட்டினால், கனம் ஐயா அவர்கள் முகவரியோடு வந்து நிற்பார். ‘க2’ ஆள் எப்படிப் போனார் என்று சொல்லும். ‘க3’ தாழ்மையுடன் வேண்டிக்கொள்ளும். தலைப்பில் பெயர், ஊர், திகதியைப் போட்டுவிட்டால் நாலு நிமிடத்தில் ஒரு வீட்டின் துயரம் சூட்டோடு அச்சாகி வெளியே வரும்.

இந்த ஏற்பாட்டைச் செய்து கொடுத்தவன் மாங்கேணி பிரதீஸ், அப்போது கடையில் வேலை பார்த்தவன். கடல் வந்துபோன அடுத்த மாதம், 2005 தையில், வரிசை கச்சேரி மதில் வரைக்கும் நின்றது. எல்லோருக்கும் ஒரே நாள், ஒரே கடல். ஒரே வசனத்தை எத்தனை தரம் அடிப்பது? ‘26.12.2004 அன்று ஏற்பட்ட கடற்கோளில் அள்ளுண்டு போனார்’ என்பதை ஒரு தரம் அடித்து ‘க2’ ஆக்கி வைத்தான். பின்னேரங்களில் விளையாட வரும் பொடியன்கள் இயந்திரத்தைக் குழப்பிவிடாமல் இருக்க ஏதோ ஒரு பூட்டும் போட்டான். அன்றிலிருந்து பொடியன்கள் ஏற்றுகிற விளையாட்டெல்லாம் மறுநாள் தானாகவே காணாமற்போயிற்று. நல்லரத்தினத்துக்கு அதில் பெரிய சந்தோசம்.

2007 மாசியில் பிரதீஸை பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். பஸ் போய்விட்டது. அவன் வீட்டுக்கு வரவில்லை.

சண்டை முடிந்தது 2009 வைகாசியில். அதுவரை வாய் திறக்கப் பயந்திருந்த சனம் அதன் பிறகு ஒவ்வொருவராகக் கடைக்கு வந்தது. கடல் வசனம் இவர்களுக்குப் பொருந்தாது. நல்லரத்தினம் ஆனி மாதத்தில் ஒரு காலை ‘க2’வைத் திருத்தினான்: ‘பிரயாணத்தின்போது இறக்கப்பட்டார், இன்றுவரை வீடு திரும்பவில்லை.’ இரண்டு தரம் தட்டிப் பார்த்தான். சரியாக வந்தது. கண்ணை மறுபடி முகங்களுக்குத் திருப்பிக்கொண்டான்.

ஆவணியில் ஒரு நாள் பிரதீஸின் தாய் அன்னப்பூரணி கடைக்குள் வந்து, கதிரையில் உட்காராமல், மடித்த கடிதமொன்றை மேசையில் வைத்தாள். போன மாதம் அவன் அடித்துக் கொடுத்த கடிதம்.

“தம்பி, நீ எழுதின கடுதாசி என்ட புள்ளையக் கடல்ல போட்டிருக்காம். கச்சேரிக் கிளாக்கர் வாசிச்சுச் சொன்னாரு.”

“அப்பிடி வராது அக்கா. நான் மாத்தி வெச்சன்.”

“தலைப்பில 2007 எண்டிரிக்காம், உள்ளுக்க 2004 எண்டிரிக்காம். இதில எது பொய் எண்டு கேட்டாரு. நான் என்னத்தச் சொல்ல? நாளைக்குப் பத்து மணிக்கு வந்து மரண அத்தாட்சிக்குக் கையொப்பம் வைக்கட்டாம். வெச்சா பைலை மூடிருவாங்களாம். மறுகா ஆரும் தேடமாட்டாங்க.”

நல்லரத்தினம் கடிதத்தை விரித்தான். கடல் அங்கேதான் இருந்தது, அவனுடைய கடையின் மையில்.

கணினிப் பக்கம் திரும்பி ‘க2’ அடித்துத் தட்டினான். கடல். திருத்திச் சேமித்துத் தட்டினான். பஸ். ஒரு பெருமூச்சு விட்டான். அச்சு இயந்திரத்தை இணைத்த நேரம் கரண்ட் போய் வந்தது. கணினி மறுபடி எழும்பியதும் தட்டினான். கடல். இம்முறை ‘க2’வையே முழுதாக அழித்தான், கணினியை அணைத்தான், எழுப்பினான். அழித்த வசனம் ஓர் எழுத்தும் குறையாமல் எழுந்து வந்தது.

இரண்டு கடை தள்ளி வோல்ட்டர் இருந்தான். வானொலி முதல் கணினி வரை எதையும் திறந்து பார்க்கும் பறங்கி மனிதன். எதற்கு வந்தாலும் கையில் ஒரு ஸ்குரூட்ரைவரோடுதான் வருவான். அதைப் பாவித்ததை யாரும் கண்டதில்லை.

“கரண்ட் போய் வந்த மறுகாவா மச்சான் இப்பிடி?” என்று, கூப்பிட்டதும் வந்து பார்த்துவிட்டுக் கேட்டான்.

“ஓம்.”

“அப்ப இது உறைஞ்சு கிடக்கு. பூட்டுப் போட்ட அண்டைக்கு எப்பிடி இருந்திச்சோ, ஒவ்வொரு தரமும் அப்பிடியேதான் எழும்பும். நீ பகல்ல மாத்துறதெல்லாம் கரண்டோட போயிரும். பொடியன்கள்ட விளையாட்டும் உன்ட எழுத்தும் இதுக்கு ஒண்டுதான். நாங்க எல்லாரும் 2009ல இரிக்கிறம். இது இன்னும் சுனாமிக்கு அடுத்த மாசத்தில நிக்கிது.”

நல்லரத்தினத்துக்குப் போன மாதம் ஞாபகம் வந்தது. அன்னப்பூரணி பேரம் பேசினாள். ‘வாசிக்க வேணாம், ஐம்பத்தஞ்சுக்கு முடி’ என்றாள். அவன் அவள் முகத்தைப் பார்த்தான், இனி ஏறாது என்று கண்டான், முடித்தான். அவள் மட்டுமா? ஆனியிலிருந்து வந்தவர்களெல்லாம் வாசிப்பை வெட்டித்தான் பேரம் முடித்தார்கள், ஒரு கடிதத்தையும் அவன் வாசித்துப் பார்க்கவில்லை. யாருடைய கடிதத்திலும் அவன் பிரதி வைத்திருக்கவில்லை. எத்தனை பிள்ளைகளை பஸ்ஸிலிருந்து இறக்கிக் கடலில் விட்டானோ, அது அந்தந்த அலுவலகங்களுக்குத்தான் வெளிச்சம்.

வோல்ட்டர் திரையின் மூலையில் எதையோ அழுத்தினான். கடவுச்சொல் கேட்டுச் சின்னதாக ஒரு பெட்டி வந்தது. பிரதீஸின் பெயரைப் போட்டார்கள். மாங்கேணியைப் போட்டார்கள். வோல்ட்டர் தாயின் பெயரையும் போட்டுப் பார்த்தான். பெட்டி அசையவில்லை.

“உங்களுக்கு ஏதும் சொன்னானா அக்கா?” என்று நல்லரத்தினம் கேட்டான்.

“என்னட்டச் சொல்லுற ஆளா அவன்? பீடி குடிக்கிறதயே அடுத்த வீட்டுக்காரி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.”

“அப்ப ஒரு வழிதான்,” என்றான் வோல்ட்டர். “முழுக்கத் துடைச்சுப் புதுசாப் போடணும். பின்னேரத்துக்குள்ள செஞ்சிரலாம்.”

“துடைக்க வேணாம்,” என்றாள் அன்னப்பூரணி.

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

“என்ட புள்ள போட்ட பூட்டு. அவன் வந்து திறக்கட்டும்.”

“அக்கா, அதுவரைக்கும் உங்கட புள்ள கடலுக்குள்ளதான் நிக்கணும்,” என்றான் வோல்ட்டர்.

“நிக்கட்டும். நான் நிக்கிறன்தானே.”

துடைக்கலாம் என்று சொல்ல நல்லரத்தினம் வாயெடுத்தான். இயந்திரம் அவனுடையது, கடை அவனுடையது. ஆனாலும் வோல்ட்டரைப் பார்த்து வேண்டாம் என்று தலையை அசைத்தான். இனிக் காலையில் கடையைத் திறந்ததும் கடலை அழிக்க வேண்டும். கரண்ட் போனால் மறுபடி அழிக்க வேண்டும். ஒரு தரம் மறந்தாலும் இன்னொரு தாய் இப்படி வந்து நிற்பாள்.

‘க1’, ‘க2’ எதையும் தொடாமல் வெறும் விரலால் அடிக்கத் தொடங்கினான். பழகிய வசனங்கள் விரலுக்கு மறந்துபோயிருந்தன. முந்திய கடிதம் தவறு என்று அடித்தான். நாளும் இடமும் கேட்டுக் கேட்டு அடித்தான். நாலு நிமிட வேலை ஒரு மணித்தியாலத்தைத் தின்றது. அச்செடுத்து, அவளை உட்காரச் சொல்லி, உரத்து வாசித்தான்.

“அவன் போட்டிருந்த சேட் பச்சை இல்ல தம்பி,” என்று இடைமறித்தாள். “சேட் வெள்ளை. பச்சை அவன்ட பை.”

திருத்தி வாசித்தான்.

“என்ன எங்க விட்ட?”

“உங்களையா?”

“நான் அதே பஸ்ஸிலதானே பின்னுக்கு இருந்தன். எழும்பி வரப் போனன். இரி எண்டு புள்ள கையக் காட்டினான். நான் இருந்திட்டன்.”

போன கடிதத்தின்போது அவன் இதைக் கேட்கவில்லை. ‘க2’வில் இதற்கு இடமும் இல்லை. நல்லரத்தினம் முகத்தைத் திரைக்குத் திருப்பி, ‘தாயார் அதே பஸ்ஸில் இருந்தார்’ என்று அடித்தான். மறுபடி அச்செடுத்து, முதலிலிருந்து கடைசிவரை வாசித்தான். அவள் தலையாட்டினாள்.

“நாளைக்குக் கையொப்பம் ஒண்டும் வைக்க வேணாம்,” என்றான். “நானும் வாறன். கிளாக்கருக்கு முன்னால நிண்டு நானே வாசிக்கிறன். காசு வேணாம் அக்கா.”

எழப்போனவள் மறுபடி உட்கார்ந்தாள். “செத்த வீட்டுக்குத்தான் தம்பி காசு வாங்காம வேலை செய்யிற.”

வோல்ட்டர் ஸ்குரூட்ரைவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

நல்லரத்தினம் அவள் முகத்தைப் பார்த்தான். “எழுபது,” என்றான்.

“எழுபதா? போன மாசம் ஐம்பத்தஞ்சுக்குத்தானே முடிச்ச?”

“அது வாசிக்காத கணக்கு.”

“அறுபது தாறன்.”

“கடதாசி ஏறிட்டு, மை ஏறிட்டு. நாளைக்கு வாசிக்கிறதும் இதுக்குள்ளதான். எழுபதுக்குக் கீழ இறங்க ஏலா அக்கா.”

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து எண்ணி வைத்தாள். “அறுபத்தஞ்சுதான் இரிக்கு. மிச்சத்த அவன்ட பேர்ல எழுதிக்க. வந்து தருவான்.”

கணினியில் எழுதினால் கரண்டோடு போய்விடும். நல்லரத்தினம் கடதாசிப் பெட்டியின் மட்டையில் ஒரு துண்டு கிழித்துப் பேனாவால் எழுதி, சுவரில், எல்லோரும் பார்க்கிற இடத்தில் ஒட்டினான்:

கடிதம் 60. வாசிப்பு 10. ஆக 70. வரவு 65. பாக்கி 5, பிரதீஸ் தரவேண்டியது.