இரட்டைத் தையல்

இரும்பு கடையும் எங்கள் லேத் பட்டறையில் ரத்தம் ஒன்றும் புதிதல்ல. அண்ணனும் தம்பியும் கீரியும் பாம்பும்தான். நடுவில் பெண்ணாகப் பிறந்த பாவத்துக்கு நான் இரண்டு பக்கமும் அடி வாங்குவேன்.

அண்ணன் மூன்று வருடம் காத்திருந்து ஒரு கைக்கடிகாரம் வாங்கினான். ஒரே ஆள் தனியாக உட்கார்ந்து, பல்சக்கரம் முதல் முள் வரை கையால் செய்தது. அண்ணன் லேத் ஓட்டுகிறவன் என்று தெரிந்ததும் அந்த மனிதர் தோல்வாரை வேண்டுமென்றே மெல்லிய நூலில் தைத்துக் கொடுத்தார்.

"மெஷின் இழுத்தா வாட்ச் போகட்டும், கை தப்பிச்சுக்கும்."

அண்ணனுக்கு மனசு ஆறவில்லை. வாட்ச் போய்விடுமாம்! நைலான் நூலை வாங்கி மேலே இரட்டைத் தையல் போட்டுவிட்டான். அந்தப் புத்தியில் இடி விழ.

நேற்றுக் காலை தம்பி அந்தக் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு வந்து லேத்தை ஓட்டினான்.

"எப்படிண்ணே, மாப்பிள்ளை மாதிரி இருக்கேனா?"

அண்ணன் ஸ்பானரை வீசினான். தம்பியின் காதோரம் கிழிந்தது. தம்பி தலையால் முட்டினான். அண்ணனின் பல் ஒன்று தரையில் விழுந்தது.

"கழட்டுடா நாயே!"

"செத்தாலும் மாட்டேன்!"

விலக்கப் போன என் வயிற்றில் யாருடைய முழங்கையோ இறங்கியது. அண்ணன் தம்பியின் கழுத்தை நெரித்து, ஓடுகிற லேத்தின் மேலேயே சாய்த்தான்.

இரும்பைப் பிடித்துச் சுழன்றுகொண்டிருந்த சக், கடிகார வாரைக் கவ்வியது. பழைய நூலாக இருந்தால் அந்த நொடியே அறுந்திருக்கும். நைலான் விடவில்லை, கையையும் சேர்த்து இழுத்தது. தம்பி அலறினான். நான் பாய்ந்து சிவப்பு சுவிட்சை அடித்தபோதுதான் வார் அறுந்தது. இரண்டு விரல்கள் இரும்புச் சுருள்களுக்கு நடுவே கிடந்தன.

துணியால் அவன் கையை இறுக்கிக் கட்டிக்கொண்டே கத்தினேன்.

"அண்ணே, வண்டிய எடு!"

அண்ணன் தரையில் மண்டிபோட்டுத் தேடிக்கொண்டிருந்தான். விரலைத்தான் தேடுகிறான் என்று நினைத்தேன். கடிகாரத்தை எடுத்துக் காதில் வைத்தான்.

"ஓடுது," என்றான்.

தம்பி அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். கடிகாரத்தைப் பிடுங்கி, பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த தகடு வெட்டும் பிரஸ்ஸுக்கு அடியில் போட்டுப் பெடலை மிதித்தேன்.

"அடிப்பாவி! ஒரே ஆளு கையால செஞ்சதுடி!"

"இவனையும் ஒருத்திதான்டா செஞ்சா. பத்து மாசம்."

வண்டிச் சாவியை நானே எடுத்தேன்.