மூடாத ஒன்பது மெஷின்கள்

தாணுலிங்கத்தின் மேசையிலும் கீழே விரித்த சாக்கிலுமாக ஒன்பது டைப்ரைட்டர்கள் இருந்தன. ஒன்பதிலும் பழுது நீங்கிவிட்டது. ஒன்றுகூட மூடப்படவில்லை. மேல்மூடியை வைத்து நான்கு ஸ்குரூ முடுக்கி, ரிப்பனை மாட்டினால் வேலை முடிந்தது. ஒரு மெஷினுக்குப் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடம் மூன்று வாரமாக வாய்க்கவில்லை. ஏன் என்று அவனுக்கே விளங்கவில்லை.

வேலை தெரியாதவன் அல்ல. திருவனந்தபுரத்தில் மற்றவர்கள் கைவிட்ட மெஷின் கடைசியில் கரமனைக்கு அவனிடம்தான் வந்து சேரும். ஒரு எழுத்தைத் தட்டிவிட்டு, காதைச் சாய்த்துக் கேட்பான். மறுபடி தட்டுவான். எந்தப் பல் தேய்ந்திருக்கிறது, எந்த ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது என்று பிடித்துவிடுவான். பிடித்துச் சரிசெய்த நிமிடமே கை அடுத்த மெஷினைத் திறக்கப் போய்விடும்.

ஒன்பதும் சொர்ணம்மாளின் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டைச் சேர்ந்தவை. அவள் குடையை மடக்கியபடி பட்டறைக்குள் வந்து நின்றாள்.

"தாணு, விஜயதசமிக்குப் புதுசா இருபத்திரண்டு பிள்ளைகள் சேருது. காலைல ஏழரைக்கு முதல் பாடம். மெஷின் இல்லேன்னா எதுல தட்டச் சொல்ல? உம்ம தலையிலயா?"

"வேல தீந்தாச்சு டீச்சர். மூடணும், அவ்வளவுதான்."

"ஓணத்துக்கும் இதையேதான சொன்னீரு? இந்தத் தடவ வரலேன்னா பாளையத்துல வேற ஆள் பாத்துக்கிடுவேன். பின்ன வருத்தப்படப்பிடாது, கேட்டீரா?"

இதே காரணத்துக்காக வேறு மூன்று இன்ஸ்டிட்யூட்டுகள் அவனை ஏற்கெனவே விட்டுப் போயிருந்தன. இதுவும் போனால் பட்டறையைப் பூட்டிவிட்டு நாகர்கோவிலில் மச்சினனுடைய பாத்திரக் கடையில் போய் நிற்க வேண்டியதுதான். மச்சினன் இடம் ஒதுக்கி வைத்துவிட்டுக் காத்திருந்தான்.

முயற்சி செய்யாமலும் இல்லை. 'மூடு' என்று எழுதிச் சுவரில் ஒட்டினான். இரண்டு நாள் கண்ணில் பட்டது. மூன்றாம் நாள் அது சுவராகிவிட்டது. ஓர் அலாரம் கடிகாரம் வாங்கி வைத்தான். அது நாளுக்கு நாலு நிமிடம் முந்தி ஓடியது. ஏன் என்று பார்க்கப் பிரித்தான். பத்தாவதாக அதுவும் மேசையில் திறந்து கிடந்தது.

"சின்ன வயசுலயும் இப்படித்தானா?" என்று ஒருநாள் மனைவி மங்கலம் கேட்டாள்.

"வாத்தியார் சோம்பேறின்னாரு. அப்பா குரங்குப் புத்தின்னாரு."

"சோம்பேறி எவனாவது சோறுகூடத் திங்காம நாலு மணி வரைக்கும் ஒரு ஸ்பிரிங்க உத்துப் பாத்துக்கிட்டு இருப்பானா? அவங்களுக்கு என்ன தெரியும், சவத்த விடுங்க."

அவனுக்கு அப்போது முப்பத்தாறு வயது. சோம்பேறி இல்லை என்று ஒருவர் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. ஆனாலும் மெஷின்கள் மூடிக்கொள்ளவில்லை.

நவமி அன்று முழு நாளும் உட்கார்ந்து மூடிவிடுவது என்று கணக்குப் போட்டிருந்தான். அஷ்டமி சாயங்காலம் கடைத்தெருவிலிருந்து திரும்பியபோது மேசையில் ஒரு கருவிகூட இல்லை. குறடுகள், கொக்கிகள், அரங்கள், எண்ணெய்க் குப்பி எல்லாம் சரஸ்வதி படத்துக்கு முன்னால் சந்தனப் பொட்டோடு வரிசையாக இருந்தன. பக்கத்தில் மங்கலம் ரவிக்கை தைக்கிற மெஷினும் இருந்தது. பூசைக்கு வைத்தால் விஜயதசமி காலையில் எடுக்கும்வரை தொடக்கூடாது. இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன் அதை மறந்தே போயிருந்தான்.

"நாளைக்கு மூடணும்னு இருந்தேனே!"

"எல்லாத்தையும் வச்சாச்சு. இனி நீங்களே எடுத்துப் பாவத்தக் கட்டிக்கிடுங்க."

தலையில் கைவைத்துக் குனிந்தபோது சட்டைப் பையிலிருந்து ஏதோ 'ணங்'கென்று விழுந்தது. சின்ன ஸ்குரூ டிரைவர். பூசைக்குத் தப்பிய ஒன்று.

"இது பூசையில இல்லையே. இதுக்கு விலக்கு உண்டா?"

மங்கலம் யோசித்தாள். "அதுக்குப் பொட்டு வைக்கல. டீச்சருக்குக் குடுத்த வாக்கும் சரஸ்வதி காரியம்தான். மூடுங்க. ஆனா ஒண்ணையும் நோண்டப்பிடாது."

மறுநாள் காலையில் மூட உட்கார்ந்தான். தையல் மெஷின் பூசையில் இருந்ததால் மங்கலத்துக்கும் வேலையில்லை. முறத்தில் பயற்றைக் கொட்டிக்கொண்டு மேசைக்கு அருகிலேயே உட்கார்ந்து உரித்தாள். முதல் மெஷின் மூடியது. இரண்டாவதில் ஒரு நெம்புகோல் லேசாக உரசுவது கேட்டது. கை குறட்டைத் தேடியது. குறடு இல்லை. மூடியை வைத்தான். பதினொரு மணிக்கு ஒன்பதும் மூடியாகிவிட்டது.

அவன் அப்படியே உட்கார்ந்திருந்தான். பழுது பிடிக்கிறவனுக்குத் தானாகச் சரியான மெஷினைக் கண்டால்தான் பயம் அதிகம். காரணம் தெரியாவிட்டால் அது மறுபடி கெட்டுப்போகும்.

டைப்ரைட்டரில் எழுத்தைத் தட்டுவது விரல். ஆனால் காகிதம் இருக்கிற வண்டியை ஒவ்வொரு எழுத்தாக இடப்பக்கம் நகர்த்துவது பின்னால் சுருட்டி வைத்திருக்கிற ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங்கின் நாடா அறுந்துவிட்டால் எவ்வளவு ஓங்கித் தட்டினாலும் எழுத்து ஒரே இடத்தில் விழும். விரலைக் குறை சொல்லிப் பயனில்லை. தன்னுடைய சங்கதியும் அதுதான் என்று அவனுக்குத் தோன்றியது. பழுதைத் தேடும்போது ஆவல் இழுக்கிறது. பழுது நீங்கியதும் ஆவல் அறுந்துபோகிறது. பிறகு மூடு, மூடு என்று தன்னைத் தட்டிக்கொண்டிருந்தால் வண்டி நகராது. வெளியிலிருந்து இழுக்க ஒன்று வேண்டும். நவமியன்று இழுத்தது எது?

விஜயதசமி காலை ஏழு மணிக்கு ஒன்பது மெஷின்களும் இன்ஸ்டிட்யூட்டில் இருந்தன. சொர்ணம்மாள் ஒவ்வொன்றிலும் ஒரு வரி தட்டிப் பார்த்தாள்.

"கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு தடவ நடந்தா போராது தாணு. தை வரைக்கும் பாப்பேன்."

அன்றைய வித்தியாசங்கள் இரண்டு: கருவிகள் இல்லை, மங்கலம் அருகில் இருந்தாள். சோதிக்கும்போது ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். இரண்டையும் மாற்றினால் எது காரணம் என்று தெரியாது. அதற்குள் வேறு இடங்களிலிருந்து வந்த மெஷின்களும் பழுது நீங்கித் திறந்தே கிடந்தன. முதல் வாரம் கருவிகளைப் பெட்டியில் பூட்டிச் சாவியை மங்கலத்திடம் கொடுத்துவிட்டுத் தனியாக உட்கார்ந்தான். அரைமணியில் எழுந்து டீக்கடைக்குப் போய், கையிலிருந்த ஸ்குரூ டிரைவரால் அங்கிருந்த ரேடியோவைத் திறந்துவிட்டான். அடுத்த வாரம் கருவிகள் மேசையிலேயே இருந்தன. மங்கலம் தையல் மெஷினை அருகில் போட்டுக்கொண்டாள். ஒரு மெஷின் மூடியது. பிறகு கை குறட்டை எடுத்துக்கொண்டது. "பாத்துக்கிட்டேதான் இருக்கேன்" என்றாள் அவள். "நானும்தான்" என்றான் அவன், புதிதாகத் திறந்த மெஷினுக்குள் குனிந்தபடி.

மூன்றாம் வாரம் இரண்டையும் சேர்த்தார்கள். ஒன்றரை மணி நேரத்தில் ஆறு மெஷின்கள் மூடின. அடுத்த வாரமும், அதற்கடுத்த வாரமும் அப்படியே. அருகில் ஒருவர் இருப்பது ஏன் இழுக்கிறது என்று அவனுக்கு விளங்கவில்லை. அவள் மேற்பார்வை செய்யவும் இல்லை, சொல்லித் தரவும் இல்லை. தன் பாட்டுக்குத் தைத்தாள். விளங்காவிட்டாலும் வேலை செய்தது. தை பிறந்ததும் சொர்ணம்மாள் மேலும் மூன்று மெஷின்களை அனுப்பினாள்.

முறை இதுதான். புதனும் சனியும் மூன்றரை மணிக்கு எல்லாக் கருவிகளும் பெட்டிக்குள் போகும். சாவி மங்கலத்தின் இடுப்பில். மேசையில் ஒரு ஸ்குரூ டிரைவரும் ரிப்பன்களும் மட்டும் இருக்கும். மங்கலம் மேசையை ஒட்டித் தையல் மெஷினைப் போட்டுத் தன் வேலையைச் செய்வாள். திறந்திருப்பவை எல்லாம் மூடிய பிறகு பெட்டி திறக்கும்.