அரை இஞ்சு

தீவின் ஜங்லிகாட் பகுதியில் தையல் மெஷின் போட்டிருப்பவர்கள் எத்தனையோ பேர். ஆனால் பேண்ட் என்றால் நூர்முகம்மது பாயிடம்தான் போவார்கள். டேப்பை எடுத்ததும் பாய் ஒரு வசனம் சொல்வார்: "சீதா நில்லுங்க. ரெண்டு காலையும் சமமா ஊணுங்க." சீதா என்றால் நேராக, தீவில் கலந்து பேசும் இந்தி. ஆபீசரானாலும் ஆட்டோக்காரரானாலும் அதே வசனம்தான். ஒரு காலில் சாய்ந்து நின்றால் இடுப்பு இறங்கிவிடும், நீளத்தில் அரை இஞ்சு ஏமாற்றிவிடும் என்பார். முப்பது வருஷமாக அந்த அரை இஞ்சில் அவர் ஏமாந்ததே இல்லை.

அவர் மகன் ஷாநவாஸ் ஸ்கூட்டர் விபத்தில் வலது காலைத் தொடையோடு இழந்து எட்டு மாதம் ஆகிறது. மெயின்லேண்ட் ஆஸ்பத்திரியிலிருந்து கப்பலில் கூட்டி வந்த நாள் முதல் கைலியோடு சுவரைப் பார்த்துப் படுத்தவன்தான், வாசலைத் தாண்டவில்லை. அந்தப் பிள்ளை திங்கட்கிழமை காலை தானாக எழுந்து உட்கார்ந்தான். "அத்தா, வியாழக்கிழமை ஒரு இன்டர்வியூ இருக்கு. ஒரு பேண்ட் தைச்சுக் குடுங்க, போய்ட்டு வர்றேன்" என்றான். அடுப்படியில் அவன் அம்மா அஸ்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

பாய்க்குக் கை ஓடவில்லை. வலது பக்கத்தை மடித்துத் தைப்பதா, முழுசாக விடுவதா? காலைப் பற்றிப் பேச்சே எடுக்கக் கூடாது என்று நூறு தடவை நெஞ்சுக்குள் சொல்லிக்கொண்டார். ஷாநவாஸ் தலை சீவி, ஊன்றுகோலை அக்குளில் கொடுத்து நிமிர்ந்து நின்றான். பாய் அவன் முன் குந்தி டேப்பை விரித்தார்.

"சீதா நில்லு. ரெண்டு காலையும் சமமா ஊணு."

நெல்லைக் கொட்டினால் அள்ளிவிடலாம். அந்தப் பாழாய்ப்போன சொல்லை எதைக்கொண்டு அள்ளுவது?

அவன் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. "சோடோ அத்தா, விட்டுடுங்க. கைலியே போதும்" என்று ஊன்றுகோலைச் சாத்திவிட்டுப் படுத்துக்கொண்டான். "பழக்கதோஷத்துல வந்துருச்சுடா" என்று பாய் தன் வாயிலேயே அடித்துக்கொண்டார். மிச்சமிருந்த காலைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். அவன் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. வியாழக்கிழமையும் போய்விட்டது.

சனிக்கிழமை கடைக்குப் பழைய வாடிக்கைக்காரர் ராக்கப்பன் வந்தார், மகள் கல்யாணத்துக்குப் பேண்ட் தைக்க. மேஜையில் கையூன்றி, ஒரு காலில் பாரம் போட்டு நின்றார். பாய் டேப்பை எடுத்தார். வசனம் சொல்லாமலே இடுப்பில் வைத்தார்.

"என்ன பாய், சீதா நிக்கச் சொல்ல மாட்டீங்களா?" ராக்கப்பன் சிரித்தார்.

"பரவால்ல, அப்படியே நில்லுங்க" என்றார் பாய்.

நீளம் முப்பத்தொன்பது. அரை இஞ்சு தப்பு என்று தெரிந்தேதான் எழுதினார்.