உள்ளே எரிந்த கார்

தம்பிஐயாவின் கார் வேலணையில் பரமலிங்கத்தின் வேலைக்கொட்டிலுக்கு முன்னால் வந்து நின்றபோது, வெளிப்பார்வைக்குப் புதுக்கார் போலத்தான் இருந்தது. வெள்ளைப் பூச்சு வெயிலில் பளிச்சிட்டது. கதவைத் திறந்த பரமலிங்கம் ஓரடி பின்வாங்கினான். உள்ளே வெறும் தகரம். கூரையெல்லாம் கரி. முன்னிருக்கைகள் மட்டும் புதிது. பின்னால் இருக்கைக்குப் பதிலாக ஒரு மரவாங்கைப் பொருத்தியிருந்தார்கள். கதவுகளின் உட்பலகையும் கைபிடியும் எரிந்த இடத்தில் ஓட்டைகள்தான் மிஞ்சியிருந்தன.

பரமலிங்கம் பைபரில் வள்ளம் கட்டுகிறவன். அச்சில் கண்ணாடி நாரை விரித்து, றெசின் என்ற பசையைப் பூசி, இறுகியதும் கழற்றி எடுப்பது அவன் தொழில். வான்காரர் சிலர் அவனைக்கொண்டு உட்பலகைகள் செய்வித்ததில், அந்த வேலைக்கும் அவன் பெயர் அடிபடத் தொடங்கியிருந்தது.

"ஆடிக் கலவரத்திலை கடைக்கு முன்னாலை வைச்சுக் கொளுத்தின கார்," என்றார் தம்பிஐயா. பக்கத்துத் தீவின் இறுப்பிட்டிக்காரர், தெற்கே சிங்களப் பகுதியில் ஒரு சிறு பட்டினத்தில் நெடுங்காலம் புடவைக்கடை வைத்திருந்தவர். "நாங்கள் பக்கத்து வீட்டுக்குள்ளை ஒளிச்சு நிண்டு பாத்துக்கொண்டிருந்தனாங்கள். எஞ்சினைத் திருத்தி, வெளியிலை பூச்சும் அடிச்சுப்போட்டன். இனி உள்ளுக்கு நீர்தான் செய்யவேணும். கைபிடி பெரிசா இருக்கட்டும். இருட்டிலை சின்னப்பிள்ளை தடவினாலும் அம்பிடவேணும்."

பிறகு, "இந்தச் சாமான் நெருப்புப் பிடிக்குமோ?" என்று கேட்டார்.

பரமலிங்கத்துக்குப் பொய் வரவில்லை. கீழே கிடந்த வெட்டுத்துண்டு ஒன்றில் நெருப்புக்குச்சியை வைத்துக் காட்டினான். குப்பென்று பற்றிக் கரும்புகை கக்கியது. அது அணையும்வரை தம்பிஐயா கண் வெட்டவில்லை.

"அப்ப கதவு கெதியாத் திறக்கவேணும்," என்றார். "செய்யும்."

அடுத்த நாள் அவருடைய மனைவி மீனாம்பிகை பஸ்ஸில் வந்து இறங்கினாள். கொட்டில் வாசலிலேயே நின்றுகொண்டாள்.

"தம்பி, அந்த வேலையை முடிச்சுக் குடுக்காதையும்."

"ஏனக்கா?"

"முடிஞ்ச அண்டைக்கே எங்களையும் ஏத்திக்கொண்டு திரும்ப அங்கை போகப்போறார். கடை திறக்கப்போறாராம். என்ரை சொல் ஏறுதில்லை. கொஞ்ச நாள் இழுத்தீரெண்டால் மனம் மாறும்."

அவள் அழவுமில்லை, கெஞ்சவுமில்லை. அதனால்தான் அவனால் மறுக்க முடியவில்லை. "ஓமக்கா," என்றான்.

றெசினை இறுகவைக்கும் மருந்தைக் குறைத்து ஊற்றினால் போதும். பலகை ஒழுங்காகக் காயாது. அப்படியே செய்தான். தம்பிஐயா வந்து தொட்டுப் பார்த்தார். விரல் ஒட்டியது.

"மார்கழிக் குளிர், அண்ணை. இறுகுதில்லை."

அடுத்த கிழமையும் அதையே சொன்னான். அவர் கோபப்படவில்லை. அதற்கடுத்த முறை மகளையும் காரில் கூட்டிக்கொண்டு வந்தார். ஞானசவுந்தரிக்குப் பத்து வயதிருக்கும். அவளைப் பின்வாங்கில் இருத்தி, கதவுகளைச் சாத்திவிட்டு வெளியே நின்று கத்தினார்.

"இறங்கு!"

பிள்ளை கதவின் ஓட்டைக்குள் கையை விட்டுக் கம்பியைத் தேடி இழுத்தது. கதவு திறந்ததும் பாய்ந்து பனைப்பக்கம் ஓடியது.

"காணாது, இன்னும் கெதியா. ஏறு. ... இறங்கு!"

திரும்பத் திரும்ப ஏறி இறங்கியது. சிணுங்கவில்லை, ஏனென்று கேட்கவுமில்லை. அந்த அமைதியைப் பார்க்க முடியாமல் பரமலிங்கம் றெசின் வாளியைக் கலக்குவதுபோல் குனிந்துகொண்டான். நிமிர்ந்தபோது பிள்ளையின் உள்ளங்கையிலிருந்து இரத்தம் வடிந்தது. ஓட்டையின் தகர விளிம்பு கிழித்திருந்தது.

தம்பிஐயா சால்வையைக் கிழித்துக் கட்டினார். கட்டிக்கொண்டே, குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"உம்மடை வள்ளத்திலை றெசின் ஒருநாளும் ஒட்டினதில்லை. ஆர் சொல்லி இப்பிடிச் செய்யிறீர்?"

பரமலிங்கம் றெசின் வாளியை மூடினான்.

"மீனாம்பிகையோ?"

அவன் பார்வை அவள் வந்துநின்ற வாசலுக்குப் போனது. அதுவே அவருக்குப் போதுமாக இருந்தது. பிள்ளையை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் முழுவதும் பரமலிங்கம் வேறு வேலை தொடவில்லை. மருந்தைச் சரியான அளவில் விட்டு, நாலு கதவுக்கும் பலகை வார்த்தான். அவை கல்லாக இறுகியதும் பஸ்ஸின் மேல் ஏற்றிக்கொண்டு இறுப்பிட்டிக்குப் போனான். வீடு பூட்டியிருந்தது.

"காத்தாலையே தெற்கை வெளிக்கிட்டுப் போட்டினம்," என்றார் அடுத்த வளவு அரியநாயகம். "மனுசி முன்னாலை ஏறினது. பின்கதவுக் கம்பியிலை ஒரு கயித்தைக் கட்டி, மற்ற நுனியைப் பிள்ளையின்ரை கையிலை குடுத்திருந்தார். கையிலை காயக்கட்டு. அது கயித்தை விடாமல் பிடிச்சபடி போச்சுது."

தை பிறந்த பிறகு, புகையிலை ஏற்றித் தெற்கே போய்வரும் லொறிக்கார அப்புத்துரை ஒரு நல்ல செய்தி கொண்டுவந்தான். மூவரும் சுகமாகப் போய்ச்சேர்ந்துவிட்டார்கள், கடையும் திறந்தாயிற்று, பலகைகள் இறுகியிருந்தால் அனுப்பச் சொன்னாராம் தம்பிஐயா. பரமலிங்கம் அன்றுதான் வயிறாறச் சாப்பிட்டான். பலகைகளைச் சாக்கில் சுற்றி, கைபிடிகளைத் தனியாகப் பொதிந்து லொறியில் ஏற்றிவிட்டான்.

லொறி திரும்பி வந்தபோது சாக்குக்கட்டு அவிழ்க்காமலே அதில் கிடந்தது.

"கடை பூட்டிக் கிடக்கு," என்றான் அப்புத்துரை. "வீட்டிலையும் ஒருத்தருமில்லை. காரையும் காணேல்லை. பக்கத்துக் கடைக்காரனிட்டைக் கேட்டன். என்னைப் பாத்தான், உள்ளுக்குப் போயிட்டான். ஒருத்தரும் வாய் திறக்கினமில்லை."

அப்புத்துரை சாக்குக்கட்டில் கை வைத்தான்.

"இறக்கட்டோ?"

"வேண்டாம். அடுத்த முறையும் கொண்டுபோய்ப் பாரும்."

"ஆரிட்டைக் குடுக்கிறது, பரமலிங்கம்?"

பரமலிங்கம் சாக்குக்கட்டை உள்ளே தள்ளிவிட்டான். லொறியின் பின்பலகையைத் தானே தூக்கிச் சாத்தினான்.