மேல்வீட்டுக்காரரின் நீல கவுன்

பச்சை ஹெல்மெட் ஒன்று கிரேனின் ஏணியில் ஏறி வந்துகொண்டிருந்தது.

கிரேன் ஆபரேட்டர் அதைத் தன் கேபினின் காலடிக் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தார். அந்தக் கட்டுமானத்தில் மஞ்சள் ஹெல்மெட் என்றால் தொழிலாளி, வெள்ளை என்றால் இன்ஜினீயர், ஆரஞ்சு என்றால் சிக்னல்காரர், நீலம் என்றால் கிரேன் ஆபரேட்டர், பச்சை என்றால் சேஃப்டி. போன வாரம் வேலைக்குச் சேர்ந்த சேஃப்டி ஆபீசர், யாரிடமும் மூச்சு விடாமல், வாக்கி டாக்கியில் ஒரு வார்த்தை கேட்காமல், முப்பது மாடி உயரத்தில் இருக்கும் கேபினைத் திடீர்ச் சோதனை போட வருகிறார்.

கேபினுக்குள் இருந்தவர் ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். கனத்த உடம்பு, கத்தரித்த மீசை. அந்த நேரத்தில் அவர் கணுக்கால் வரை நீண்ட, பூப்போட்ட நீல கவுன் போட்டிருந்தார். காதில் கிளிப் தோடு. இரண்டு கையிலும் வளையல்.

கம்பெனிச் சட்டையும் பேண்ட்டும் சீட்டுக்குப் பின்னால் ஆணியில் தொங்கின. கையை நீட்டினால் எட்டிவிடும். கையைத்தான் நீட்ட முடியாது.

கிரேனின் கொக்கியில் ஒரு மாடிப் படிக்கட்டு தொங்கிக்கொண்டிருந்தது. தொழிற்சாலையில் வார்த்து, லாரியில் வந்து இறங்கிய கான்கிரீட் படிக்கட்டு. யானை எடை. கட்டடத்தின் நடுவே அதற்கென்று விட்டிருந்த இடைவெளிக்குள் அதை இறக்க வேண்டும். உள்ளே நான்கு பேர் அண்ணாந்து பார்த்தபடி நின்றார்கள். லிவரிலிருந்து கையை எடுத்தால் கிரேன் நின்றுவிடும். படிக்கட்டு நிற்காது. காற்றில் ஊஞ்சலாடும்.

“மாமா, ஒரு சாண் எடது பக்கம். ஆங், இப்ப எறக்குங்க.”

வாக்கி டாக்கியில் பேசியது அவருடைய மனைவியின் தம்பி. கீழே நின்று சுமைக்கு வழி சொல்லும் சிக்னல்காரர். சுமை கட்டடத்துக்குள் நுழைந்துவிட்டால் கேபினிலிருந்து எதுவும் தெரியாது. அதன் பிறகு சிக்னல்காரரின் குரல்தான் ஆபரேட்டருக்குக் கண். இடது என்றால் இடது. நில் என்றால் நில். ஏன், எதற்கு என்ற பேச்சே கிடையாது.

இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர், ஆபரேட்டர் மாப்பிள்ளை என்று கூப்பிடும் அந்த மச்சினர்தான். ஆபரேட்டர் குடியிருப்பதும் மாப்பிள்ளையின் வீட்டு மாடியில். வேலை நேரத்திலும் மேலே, வேலை முடிந்தாலும் மேலே என்று சொல்லி அவருக்கு ‘மேல்வீட்டுக்காரர்’ என்று பட்டம் கட்டியதும் அதே மாப்பிள்ளைதான்.

கவுன் விஷயம் மனைவிக்குத் தெரியும். ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். தம்பி காதுக்கு மட்டும் போகக் கூடாது. போனால் வேலையும் போகும், வீடும் போகும், அப்புறம் இரண்டு பேரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான்.

கேபினுக்கு வருவதற்கு முன் அவர் பார்க்காத வேலை இல்லை. முதலில் துணிக்கடை. பெண்கள் பிரிவில், புதுத் துணியைத் தன் தோளில் போட்டுக் காட்டி விற்க வேண்டும். மற்றவர்கள் காட்டிய கையோடு மடித்துவிடுவார்கள். இவருக்குத் தோளிலிருந்து எடுக்க மனம் வராது. முதலாளி ஒரு நாள் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தார். மறுநாளே வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். அடுத்தது பஸ் ஓட்டும் வேலை. முதுகுக்குப் பின்னால் பஸ் நிறையக் கண்கள். அதற்கடுத்து பேங்க் வாசலில் காவல். தலைக்கு மேலேயே கேமரா. எங்கே போனாலும் யூனிஃபார்ம்தான் வேஷம், வேஷம்தான் சம்பளம். கிரேனில் ஏறிய பிறகுதான் தெரிந்தது, ஊருக்கே தெரியும் உச்சியில் உட்கார்ந்திருப்பவனை ஒருவரும் பார்ப்பதில்லை. அத்தனை ஏணியையும் மூச்சு வாங்க ஏறி எவன் வந்து எட்டிப் பார்க்கப்போகிறான்? கவுனைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் கை நடுங்காது. அலுங்காமல் சுமை இறக்குவதில் அவருக்கு இருந்த நல்ல பெயரில் பாதி அந்தக் கவுனுக்குப் போய்ச் சேர வேண்டியது.

இன்றைக்கு எட்டிப் பார்க்க ஒருவன் வந்துகொண்டிருந்தான்.

பச்சை ஹெல்மெட் ஏணி நடுவே இருந்த ஒரு கம்பித் தட்டில் நின்று மூச்சு வாங்கியது. மறுபடி ஏறியது. ஆபரேட்டருக்கு நெற்றி வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. துடைக்கவும் வழியில்லை. சீக்கிரம் இறக்கிவிடலாமா என்று ஒரு கணம் கை துறுதுறுத்தது. உள்ளே நான்கு பேர் நிற்கிறார்கள். கையை அடக்கிக்கொண்டார்.

“இன்னும் கொஞ்சம்... கொஞ்சம்... நில்லுங்க. உக்காந்துடுச்சு மாமா. கழட்டறோம்.”

கொக்கி விடுபட்டதாகச் செய்தி வந்ததும் சீட்டிலிருந்து துள்ளி எழுந்தார். பேண்ட்டை உருவி எடுத்தார். ஒரு காலைக்கூட நுழைத்துவிட்டார். அப்போதுதான் ஏணி தடதடவென்று ஆடியது.

கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். கேபினுக்குச் சற்றுக் கீழே, கடைசி ஏணியில், சேஃப்டி ஆபீசர் இரண்டு கைகளாலும் கம்பியைக் கட்டிக்கொண்டு பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தார். கண்களை இறுக மூடியிருந்தார். ஒரு கால் படியில் இல்லை. அதைவிட மோசம், இடுப்பு பெல்ட்டின் கொக்கி எதிலும் மாட்டாமல் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. ஊருக்கெல்லாம் பெல்ட் மாட்டச் சொல்கிறவர் தன் பெல்ட்டை மாட்டாமல் ஏறியிருக்கிறார்.

பேண்ட்டைப் போட்டு முடிக்க ஒரு நிமிடம் போதும். அந்த ஆளின் விரல்களைப் பார்த்தால் ஒரு நிமிடம் தாங்குகிற மாதிரி தெரியவில்லை.

ஆபரேட்டர் பேண்ட்டை உதறி எறிந்தார். கேபின் வாசல் கம்பித் தட்டில் குப்புறப் படுத்துக் கையைத் தொங்கவிட்டு, ஆபீசரின் பெல்ட் கொக்கியைப் பிடித்துக் கைப்பிடியில் மாட்டினார். பிறகு ஒவ்வொரு படியாகப் பேசிப் பேசி ஏற்றினார்.

“கண்ணத் தொறக்காதீங்க சார். என் குரல மட்டும் கேளுங்க. வலது காலத் தூக்குங்க. வைங்க. அவ்வளவுதான்.”

கண்ணைத் திறக்காதே என்று சொன்னது யாருடைய நன்மைக்கு என்று அவருக்கே தெளிவாகத் தெரியவில்லை.

கேபின் தரையில் உட்கார வைத்த பிறகு ஆபீசர் கண்ணைத் திறந்தார். முதலில் வளையலைப் பார்த்தார். பிறகு தோடு. பிறகு மீசை. மறுபடியும் வளையல்.

“என்ன கோலம் இது?”

“எனக்குப் பிடிச்ச கோலம் சார்.”

ஆபீசருக்கு மெல்ல அதிகாரம் திரும்பி வந்தது. வேலை நேரத்தில் இப்படி உட்கார்ந்திருப்பது விதிமீறல் என்றும், மேலிடத்தில் சொல்லாமல் இருக்க முடியாது என்றும் சொல்லிக்கொண்டே எழப் பார்த்தவர் பாதியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கால்களைச் சேர்த்துக்கொண்டார். முகம் சுண்டிப்போயிற்று. அவர் பேண்ட்டின் முன்பக்கம் தொடை வரை நனைந்திருந்தது. வியர்வை அப்படி நனைக்காது.

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் வெளியே பார்த்தார்கள். வெளியே பார்க்க ஆகாயம் மட்டும்தான் இருந்தது.

இந்தக் கோலத்தில் கீழே இறங்கினால் ஒரு பயலும் இனி தன் பேச்சைக் கேட்க மாட்டான் என்று ஆபீசர் தரையைப் பார்த்துச் சொன்னார். உயரம் என்றால் சின்ன வயதிலிருந்தே ஆகாதாம். வேலைக்கு எடுக்கும்போது கேட்டார்களாம். ஆகும் என்று சொல்லிவிட்டாராம்.

ஆபரேட்டர் தன் பேண்ட்டை எடுத்து நீட்டினார். அதில் இரக்கம் எவ்வளவு, கணக்கு எவ்வளவு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இரண்டும் இருந்தன. கம்பெனியில் எல்லோருக்கும் ஒரே நிறப் பேண்ட்தான். ஆபீசர் ஒல்லி; ஆபரேட்டரின் பேண்ட்டுக்குள் இன்னொரு ஆளையும் சேர்த்துக்கொள்ளலாம் போல இருந்தது. பெல்ட்டை இறுக்கிச் சமாளித்தார். ஆபீசரின் பேண்ட் ஆபரேட்டருக்கு முழங்காலைத் தாண்டாது. போட்டுப் பார்க்கவே தேவையில்லை.

கீழே போனதும் ஸ்டோரில் புதுப் பேண்ட் எடுத்து, சாப்பாட்டுப் பை ஏற்றும் கயிற்றில் கட்டி அனுப்புவதாக ஆபீசர் சத்தியம் செய்தார். “நான் எதையும் பார்க்கல. நீங்களும் எதையும் பார்க்கல” என்றார். நனைந்த பேண்ட்டைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் கொக்கியை மாட்டி மாட்டி இறங்கினார்.

ஆபரேட்டர் காத்திருந்தார். கம்பிக்கட்டு ஒன்று ஏற்றினார். செங்கல் அடுக்கிய பலகை ஒன்று இறக்கினார். கயிறு அசையவில்லை. கீழே பச்சை ஹெல்மெட்டைச் சுற்றி வெள்ளை ஹெல்மெட்டுகள் கூடின. என்ன பேசுகிறார்கள்? ஏன் இத்தனை பேர்? ஒரு ஜீப் வந்தது. பச்சை ஹெல்மெட்டைக் கைத்தாங்கலாக அதில் ஏற்றினார்கள். ஜீப் கேட்டைத் தாண்டிப் போய்விட்டது.

மயக்கமாக வருகிறது என்று சொல்லியிருப்பார். இல்லை, முகத்தைப் பார்த்து அவர்களாகவே ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பார்கள். எப்படியோ, சத்தியம் செய்த ஆளும் போனார், பேண்ட்டும் போனது.

இனி ஷிஃப்ட் மாறும். அடுத்த ஆபரேட்டர் ஏணியேறி வந்து கதவைத் தட்டுவார். கவுனைக் கழற்றிவிட்டு வெறும் சட்டையோடு உட்காரலாம் என்றால், உள்ளே போட்டிருந்ததும் கவுனுக்குத் தோதானதுதான். கருவிப் பெட்டியில் ஒரு கத்தி இருந்தது. கவுனின் இடுப்புக்குக் கீழே அறுத்தால் ஒரு பூப்போட்ட லுங்கி கிடைக்கும். எண்ணெய் கொட்டிப் பேண்ட் வீணாகிவிட்டது, எதையோ எடுத்துச் சுற்றிக்கொண்டேன் என்று சொன்னால் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

கத்தியை எடுத்தார். துணியை இழுத்துப் பிடித்தார். அவர் மனைவி கடை கடையாக ஏறி, தனக்கு என்று பொய் சொல்லி, அவர் உடம்புக்கு அளவு பார்த்து வாங்கி வந்த துணி அது. கத்தியின் முனை துணியில் பட்டது. அதற்கு மேல் போகவில்லை.

“மாமா, ஏழாம் சேனலுக்கு வாங்க.”

பொதுச் சேனலில் எல்லோரும் கேட்பார்கள். ஏழாம் சேனலில் யாரும் இருக்க மாட்டார்கள். ஆபரேட்டர் திருப்பினார்.

“சேஃப்டி சாரத் தூக்கி ஜீப்ல வச்சது நான்தான்” என்றார் மாப்பிள்ளை. “அவரு போட்டிருந்த பேண்ட்ல முட்டிகிட்ட ஒட்டுத் தையல். அது அக்கா தையல் மாமா. சின்ன வயசுல என் டவுசர் பூரா அந்தத் தையல்தான் இருக்கும். எனக்குத் தெரியாதா?”

ஆபரேட்டர் கத்தியின் முனையைத் துணியிலிருந்து எடுத்தார்.

“அவரு உங்க பேண்ட்ல இருக்காரு. சரி. அப்ப நீங்க மேல எதுல இருக்கீங்க?”

எண்ணெய் கொட்டிய கதை, கொட்டியது ஆபீசரின் பேண்ட்டில் என்று சற்று மாறி, நாக்கின் நுனியில் தயாராக நின்றது. நல்ல கதை. யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். துணிக்கடையிலும் பஸ்ஸிலும் பேங்க் வாசலிலும் இதைவிட மட்டமான கதைகளைச் சொல்லியே காலத்தை ஓட்டியவர் அவர். ஆனால் கேட்டது அந்தக் குரல். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் டன் கணக்கான கான்கிரீட்டை அந்தக் குரலை நம்பித்தான் இத்தனை வருஷமாக இறக்கினார். அந்தக் குரலும் அவர் கையை நம்பித்தான் அடியில் நின்றது. இந்த வாக்கி டாக்கியில் இரண்டு பேரும் ஒரு தடவைகூட ஒரு சாணை இரண்டு சாண் என்று சொன்னதில்லை.

கத்தியைப் பெட்டியில் போட்டார்.

“கவுன்ல இருக்கேன் மாப்ள. நீலக் கலரு. பூப்போட்டது.”

கரகரவென்று வெறும் இரைச்சல். அவர் இன்னும் கொஞ்சம் சொன்னார். தினமும் போடுவதாக, இறங்குவதற்கு முன் மாற்றிக்கொள்வதாக, யாருக்கும் ஒரு கெடுதலும் செய்ததில்லை என்பதாக.

காலடிக் கண்ணாடியில் மாப்பிள்ளையின் ஆரஞ்சு ஹெல்மெட் தெரிந்தது. அது மெதுவாக ஒரு கம்பிக் குவியலின் மேல் உட்கார்ந்தது. கேட்டுக்குள் நீல ஹெல்மெட் ஒன்று நுழைந்தது. அடுத்த ஷிஃப்ட் ஆபரேட்டர்.

“அக்காவுக்குத் தெரியுமா?”

“அவதான் வாங்கிக் கொடுத்தா.”

நீல ஹெல்மெட் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு ஏணியை நோக்கி நடந்தது. வீட்டு மாடிப்படி, அதன் கீழே மாப்பிள்ளையின் செருப்பு, சமையலறையில் மனைவி, எல்லாம் கண் முன்னே வந்து போயின. பெட்டி எந்த அலமாரியின் மேல் இருக்கிறது என்றுகூட யோசித்துவிட்டார்.

“இடுப்பு எத்தன?” என்றது குரல்.

“நாப்பது.”

“நாப்பது ஸ்டோர்ல இருக்காது. முப்பத்தெட்டுதான் வரும். மூச்சப் பிடிச்சுக்கிட்டுப் போடுங்க. மிச்சத்த வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்.”

அந்தக் கடைசி வாக்கியத்தை ஆபரேட்டர் திரும்பத் திரும்ப மனதில் ஓட்டிப் பார்த்தார். அதில் கோபம் இருந்ததா, வேறு ஏதாவதா, பிடிபடவில்லை. ஆரஞ்சு ஹெல்மெட் எழுந்து ஸ்டோர் பக்கம் ஓடியது. போகிற வழியில் நீல ஹெல்மெட்டை நிறுத்தியது. கையை ஆட்டி என்னவோ சொன்னது. நீல ஹெல்மெட் திரும்பி டீக்கடைப் பக்கம் போனது.

கயிறு இழுபட்டது.

முப்பத்தெட்டு அளவுப் பேண்ட்டில் பட்டன் எட்டவில்லை. பட்டனைத் திறந்தபடியே விட்டு, மேலே சட்டையை இழுத்துவிட்டார். கவுனை மடித்துச் சாப்பாட்டுப் பையின் அடியில் வைத்தார். தோட்டையும் வளையலையும் அதற்குள் சுருட்டினார். நீல ஹெல்மெட் வந்து கதவைத் தட்டியபோது திறந்துவிட்டு, காற்று பலமாக இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னார்.

இறங்கத் தொடங்கினார். வழக்கமாக இந்த நேரத்துக்கு மாப்பிள்ளை முகம் கழுவி, பைக்கை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே போய்விட்டிருப்பார். இன்று ஆரஞ்சு ஹெல்மெட் ஏணியின் அடியிலேயே நின்றது. அண்ணாந்து பார்க்கவில்லை. நகரவும் இல்லை.

ஆபரேட்டர் கொக்கியை மாட்டிக்கொண்டு அடுத்த படியில் காலை வைத்தார்.