திருப்பி வைத்த திரை

...மன்னிப்பு என்று ஒரு வார்த்தைதானே, அதைச் சொல்லிவிட்டால் என் பயிற்சித் தாளில் நூலகர் கையெழுத்துப் போட்டுவிடுவார், கையெழுத்து இருந்தால்தான் பரீட்சை எழுத விடுவார்கள், அம்மா காலையில் எனக்குத் தலை பின்னிக்கொண்டே சொன்னாள், "ஒரு சாரி சொன்னா வாயில இருக்கிற முத்தா உதிர்ந்துடும்?" உதிராது, தெரியும், ஆனால் நான் செய்த தப்பு என்ன, அதை யாராவது முதலில் சொல்லட்டுமே. நூலகர் அறைக்கு வெளியே இந்த இரும்பு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன், கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு முதுகு தெரிகிறது, என்மேல் புகார் கொடுத்தவரின் முதுகு, இப்போது கூப்பிடுவார்கள், என்ன கேட்டாலும் வாய் பயப்படக் கூடாது. என் வாய்தான் நூலகவியல் வகுப்பு முழுக்கப் பிரசித்தமாயிற்றே, கொசு என்று பெயர் வைத்திருக்கிறார்கள், நான் பேசினால் காதோரம் ஏதோ ரீங்காரம் கேட்கிற மாதிரி இருக்குமாம்... நேற்று அந்தக் கொசு கடித்துவிட்டது, அவ்வளவுதான் நடந்தது.

கவுன்டரில் நான் மட்டும் இருந்தேன், அவர் வந்து ஓர் அட்டையை நீட்டினார், "என் பொண்ணோட கார்டும்மா, அவ என்னென்ன புக்கு எடுத்துட்டுப் போறான்னு பார்த்துச் சொல்லு." பழக்கதோஷம், கை முந்திக்கொண்டு எண்ணை அடித்துவிட்டது, தலைப்புகள் வரிசையாகத் திரையில் வந்து நின்றன, அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும், என் வயசுதான் இருக்கும், எந்தப் புத்தகத்தையும் அட்டைப்படம் தெரியாமல் கவிழ்த்துத்தான் நீட்டுவாள்... என்ன புத்தகங்களா, உங்களிடமும் சொல்ல மாட்டேன். திரையை என் பக்கம் திருப்பினேன். "சொல்ல மாட்டேன் சார்." "என்னது?" "அவங்க என்ன படிக்கிறாங்கன்னு அப்பாவா இருந்தாலும் சொல்ல மாட்டேன் சார்." அது கொசுவின் குரலே இல்லை, பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்கள் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக எட்டிப் பார்த்தார்கள், "நேத்து முளைச்சது, நீ எனக்குச் சட்டம் சொல்றியா?" என்று அவர் போட்ட சத்தத்தில் மாடியில் இருந்த நூலகரே இறங்கி வந்து, என்னை மன்னிப்புக் கேட்கச் சொல்லிவிட்டார். வாசகர்களிடம் எப்படிப் பேசுவது என்று எங்களுக்குப் பயிற்சி கொடுக்கும் மேடம் இன்னும் ஒரு படி மேலே, "சொன்னது சரிதான்மா, சொன்ன விதம்தான் சரியில்ல, கம்ப்யூட்டர் வேலை செய்யலை சார்னு சிரிச்சுக்கிட்டே சொல்லியிருந்தா மனுஷன் பேசாம போயிருப்பாருல்ல?" என்கிறார். அதாவது பொய்யைச் சிரித்துக்கொண்டே சொன்னால் திறமை, உண்மையை முகத்துக்கு நேராகச் சொன்னால் திமிர்... சரி, திமிர் என்றே இருக்கட்டும், அவர் நாளைக்கும் அட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தால் என்ன செய்வதாம், கம்ப்யூட்டர் தினமுமா படுத்துக்கொள்ளும்?

மேடம் சொல்லித்தந்ததில் ஒன்றுதான் எனக்குப் பிடிக்கும், வாசகர் முதலில் கேட்பது பாதிதான், மீதியை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும் என்பார். அதைக்கூட ஒழுங்காகச் செய்தேனா... வகுப்பில் என் சினேகிதி வாசகராக நடித்து "நாய் பத்தி புக்கு இருக்கா?" என்றாள், நானும் நாய் வளர்ப்பு, நாய் இனங்கள் என்று மேஜைமேல் அடுக்கிக்கொண்டே போனேன், கடைசியில் பார்த்தால் அவளை நாய் கடித்திருக்கிறது, "நீ எடுத்துக் குடுக்கிறதுக்குள்ள நான் குரைக்கவே ஆரம்பிச்சிருப்பேன்டி" என்றாள், வகுப்பே உருண்டு சிரித்தது. இப்போது நினைத்தால் எனக்கும் சிரிப்பு வருகிறது, இந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு சிரித்தால் நன்றாகவா இருக்கும்... கண்ணாடிக்குள் முதுகு அசைகிறது, பக்கவாட்டில் திரும்பிச் சட்டைப் பையிலிருந்து அந்த அட்டையை எடுக்கிறார், மேஜையில் வைக்கவில்லை, அதில் இருக்கும் மகளின் போட்டோவைக் கட்டைவிரலால் துடைத்துக்கொண்டே இருக்கிறார், நேற்றும் இப்படித்தான் துடைத்தார், சத்தம் போடுவதற்கு முன்னால், மெதுவாக, ஏதோ சொன்னார்கூட... என்ன அது, நான் என் வாக்கியத்துக்குத் தைரியம் சேர்த்துக்கொண்டிருந்தேன், காதில் விழுந்தது, உள்ளே இறங்கவில்லை... "வீட்ல அவ வாயைத் திறந்தே ரொம்ப நாளாச்சும்மா." ஆமாம், அதைத்தான் சொன்னார்.

அப்படியென்றால் அவரும் நாய் புத்தகம் கேட்டு வந்தவரா, கடி எங்கே என்று நான் கேட்கவே இல்லையா... இல்லை, இரு, இளகிவிடாதே, அவள் வாயை மூடிக்கொண்டதே இவரால்தான் என்றால்? நேற்று போட்ட சத்தத்தைத்தானே வீட்டிலும் போடுவார், யாருக்குப் பயந்து அவள் புத்தகத்தைக் கவிழ்க்கிறாள்? சொல்ல மாட்டேன், அதில் மாற்றமே இல்லை, சாரியும் கிடையாது, கையெழுத்துப் போடாவிட்டால் போகட்டும். கதவு திறக்கிறது, "உள்ள வாம்மா" என்கிறார் நூலகர், எழுந்துவிட்டேன், அந்த அப்பா திரும்பிப் பார்க்கிறார், ராத்திரி தூங்கியிருக்க மாட்டார் போலிருக்கிறது... 'சொல்ல மாட்டேன் சார்' என்பதோடு என் பேச்சு முடிந்துவிட்டது என்று நேற்று நினைத்தேன், அதற்கு அடுத்து அவரிடம் கேட்க ஒரு வாக்கியம் இருந்திருக்கிறது, அது எப்படி ஆரம்பிக்கும்?