மெஷின் விட்ட பட்டை

"மலர்க்கொடியக்கா! மேல ஏறுங்க!"

ஸ்கூட்டரை மதகோரம் சாய்த்துவிட்டு வரப்பில் ஓடினாள் ஜாஸ்லின். ஹைஸ்கூல் கணக்கு டீச்சர். கையில் மலர்க்கொடியின் ஹால் டிக்கெட். மணி ஒன்பது பத்து. பத்துக்குப் பரீட்சை.

சேற்றில் குனிந்து நாற்று நட்டுக்கொண்டிருந்த மலர்க்கொடி நிமிரவே இல்லை. வயது முப்பத்தொன்பது. தனியாகப் படித்துப் பத்தாம் வகுப்பில் மற்ற பாடமெல்லாம் தேறிவிட்டாள். கணக்கில் மட்டும் மூன்று முறை ஃபெயில் என்பது ஊரறிந்த விஷயம். இன்றும் விட்டால் அங்கன்வாடி வேலைக்கு வயது தாண்டிவிடும்.

"நான் வரலை டீச்சர். அந்தப் பெருக்கல் மண்டையில நிக்கல."

"எது? எக்ஸ் கூட்டல் மூணு, எக்ஸ் கூட்டல் ரெண்டா?"

"அதான். எக்ஸ் ஸ்கொயர் கூட்டல் ஆறுன்னு எழுதுறேன். தப்புங்குறீங்க."

பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்த ராமாயி சிரித்தாள். "எக்ஸுன்னா யாருடி, உன் வூட்டுக்காரரா? பேர் சொல்லக் கூசுதோ?"

ஜாஸ்லின் செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கினாள்.

"அக்கா, இந்த வயல்ல மெஷின் எதுவரைக்கும் நட்டிருக்கு?"

"நடுவுல அந்தச் சதுரம் மட்டும். வரப்போரம் அதுக்குத் திரும்ப முடியாதுல்ல."

"அந்தச் சதுரம்தான் எக்ஸ் ஸ்கொயர். வடக்கே மூணடிப் பட்டை விட்டிருக்கு, கிழக்கே ரெண்டடிப் பட்டை. ரெண்டும் சேர்ற மூலை மூணுக்கு ரெண்டு, ஆறு. நீங்க எழுதுனது சதுரமும் மூலையும் மட்டும்தான். மீதி?"

மலர்க்கொடி நிமிர்ந்தாள். வடக்கே பார்த்தாள். கிழக்கே பார்த்தாள்.

"அடி ஆத்தி! ரெண்டு பட்டையையும் தரிசாப் போட்டுட்டேனே! இது மூணு எக்ஸு, அது ரெண்டு எக்ஸு... அஞ்சு எக்ஸு!"

"மொத்தமாச் சொல்லுங்க."

"எக்ஸ் ஸ்கொயர், அஞ்சு எக்ஸு, ஆறு!"

"கிளம்புங்க!"

வாய்க்காலில் கால் கழுவியதும் கழுவாததுமாக மலர்க்கொடி பின்சீட்டில் ஏறினாள். ஸ்கூட்டர் பறந்தது.

தேர்வு மையத்தின் வாசல். ஒன்பது ஐம்பத்தாறு.

மலர்க்கொடி இறங்கினாள். நாலடி நடந்தாள். கேட் கம்பியைப் பிடித்தபடி நின்றுவிட்டாள்.

"என்னக்கா? மணியடிக்கப் போறாங்க!"

"கால் வரமாட்டேங்குது டீச்சர்."

"மூணு தடவை எழுதுன பரீட்சைதானே? இதுல என்ன புதுசா பயம்?"

ஜாஸ்லின் நீட்டிய ஹால் டிக்கெட்டை மலர்க்கொடி வாங்கிக்கொண்டாள். வாட்ச்மேன் கேட்டை இழுக்க ஆரம்பித்தார். அவள் சட்டென்று ஒரு காலை உள்ளே வைத்தாள். திரும்பிப் பார்த்தாள்.

"ஊருக்குத்தான் ஃபெயிலுன்னு சொன்னேன் டீச்சர். மூணு தடவையும் இந்த கேட்டைத் தொட்டுட்டுத் திரும்பிட்டேன். கணக்குப் பரீட்சைக்குன்னு உள்ள போறது இன்னிக்குத்தான்."